ஊதா மூடிக் குழாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் துப்பறியும் அக்கா. பதினான்கு வருடமாக அங்கேதான் வேலை. இயந்திரத்தை நம்ப மாட்டாள். அதைப் பழுது பார்க்க வருகிறவனையும் நம்ப மாட்டாள். வீட்டில் கணவர் கேட்காமலே பாத்திரம் கழுவினால், என்னத்தை உடைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பாள். அந்த மனிதரும் பாவம், பெரும்பாலும் எதையாவது உடைத்துத்தான் வைத்திருப்பார்.

அன்று காலை ஒரு தையல்காரி வந்தாள். மறுநாள் அவளுடைய மண்ணீரலை எடுப்பதாக ஏற்பாடு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு, உடம்பே அவற்றை மண்ணீரலில் வைத்து அழிக்கிறது என்று மூன்று வருடமாக மாத்திரை. அதில் முகம் உப்பிப்போயிருந்தது. காயம் பட்டால் ரத்தம் நிற்காது என்று பயமுறுத்தியதில், கத்தரிக்கோலைத் தொடுவதையே விட்டிருந்தாள்.

தட்டணுக்கள் பதினோராயிரம் என்றது இயந்திரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். அக்காவுக்கு மூக்கில் வேர்த்தது. ஊசி குத்திய இடம் பஞ்சு வைத்த சற்று நேரத்தில் காய்ந்துவிட்டதே? கைகளில் ஒரு ரத்தக்கட்டுகூட இல்லையே?

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஈரம் பட்ட சர்க்கரையைப் போலத் தட்டணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் ஒரு மருந்து இருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அது பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கட்டிகளைக் கணக்கில் சேர்க்காது. வேறு மருந்துள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தாள். இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. நோயே இல்லை. டாக்டரைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னாள். அறுவை சிகிச்சை நின்றது.

அதோடு விட்டாளா? மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கூடத்திலிருந்து போன முதல் ரிப்போர்ட்டை எந்த மடையன் கொடுத்தான் என்று பழைய கட்டுகளைக் குடைந்தாள். கிடைத்தது. எண்ணுக்குப் பக்கத்தில் இயந்திரம் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. நட்சத்திரம் இருந்தால் நுண்ணோக்கியில் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பார்த்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து.

அன்று கூட்டமா, அவசரமா, ஒன்றும் நினைவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவள் தன்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. தாளைப் பழையபடி செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தையல்காரி அதை நிதானமாகப் படித்தாள்.

"இது நீங்க போட்டதுதானா?"

"ஆமாங்க. பாக்காமலே போட்டுட்டேன்."

"அப்போ இன்னைக்கு சொல்றத மட்டும் நான் எப்படி நம்புறது?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"நம்ப வேண்டாம். வேற லேப்ல ஒரு தடவை குடுத்துப் பாருங்க. நீல மூடிக் குழாயில எடுக்கச் சொல்லுங்க. எடுக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க."