தொலைநோக்கிக்குக் கட்டுப்போடும் பாரூக் பாய்

“ஏட்டி, நடக்காத! மாடியே ஆடுது” என்று மனைவி மெகராஜ் பேகத்தை அதட்டிக்கொண்டே பாரூக் பாய் தொலைநோக்கியின் பின்முனையில் கேமராவை வைத்து பேண்டேஜ் துணியைச் சுற்றுகிறார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பல்லால் கடித்து ஒரு முடிச்சு. பார்ப்பவர்களுக்கு யாருக்கோ கை முறிந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ராஜபாளையத்தில் அவருக்கு பேண்டேஜ் துணி வியாபாரம். ஊர்க்காயத்துக்கெல்லாம் போகிற துணியை வானியலுக்குத் திருப்பிவிட்ட பெருமை அவரையே சேரும். கேமராவை மாட்டுவதற்கென்றே விற்கும் வளையத்தையும் வாங்கத்தான் செய்தார். வளையம் ஒரு கம்பெனி கேமராவுக்கு; ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் படம் எடுக்கும் பிரேம்குமாரிடம் வாங்கிய பழைய கேமரா வேறு கம்பெனி. திருப்பி அனுப்பினால் தோற்றதாகிவிடுமே! வளையம் இப்போது ஜன்னல் திரையைத் தாங்குகிறது. கேமரா கனத்தில் குழாய் பின்னால் சாய்வதால், முன்னால் ஓர் எடைக்கல் தொங்குகிறது. “எல்லாம் மங்கலாத் தெரியுதே” என்று பிரேம்குமாருக்குப் போன் போட்டால், “நிலாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க பாய்” என்கிறார் அவர்.

இவ்வளவு பாடும் நோன்பு தொடங்கும் ரமலான் பிறைக்காக. போன வருடம் ஜமாத்தின் வாட்ஸ்அப் குழுவில் “பிறை தெரிந்தது” என்று பாய் ஒரு படம் போட்டார். பெரிதாக்கிப் பார்த்தவர்கள், அது ஏதோ மில்லின் விளக்கு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடைத்தெருவில் எல்லாருக்கும் வாய் நீண்டுவிட்டது. “நாளைக்கு நோன்பா பாய்? மில்லுல கேட்டுச் சொல்லுங்க.”

“இந்த வருசமும் என் பேச்சு எடுபடலைன்னா, பொறவு பள்ளிவாசல்ல எப்படித் தலைகாட்டுவேன்?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கொடுக்கிற வாடகைக்கு இந்த வேடிக்கை இலவசம்.

இன்று மேற்கு மலைக்கு மேலே ஒரே மேகம். பொழுது இறங்கிச் சற்று நேரத்தில் அது கொஞ்சம் விலகியது.

“அந்தா இருக்குங்க பிறை! நிமிந்து பாருங்க!” என்று மெகராஜ் பேகம் கத்தினார்.

பாய் நிமிர்வாரா? “செத்த நேரம் சும்மா இரு. எந்தப் பக்கம், இடதா வலதா?” கண் கேமராத் திரையை விட்டு நகரவில்லை. மனைவி கைநீட்டித் திசை சொல்ல, இவர் குழாயைத் திருப்ப, குவிக்கும் திருகை முன்னும் பின்னும் உருட்ட, திரையில் வந்து நின்றது பிறை. எட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அம்புட்டு அழகு! படமெடுத்தார். பழைய கேமராவிலிருந்து அனுப்ப வழியில்லாததால் அந்தத் திரையைப் போனில் படம்பிடித்துக் குழுவில் போட்டார். அதன்பிறகுதான் தலையை நிமிர்த்தினார். பிறை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

போன் அடித்தது. ஜமாத் செயலாளர் முத்து முகம்மது. பாய் எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“படம் ஜோரா இருக்கு பாரூக். ஆனா படத்த வச்சு அறிவிக்க முடியாதுல்ல. வேற யாருக்கும் தெரியல, எல்லாப் பக்கமும் மேகம். ஒங்க வார்த்தையத்தான் நம்பி இருக்கோம். அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, பிறைய நீங்க கண்ணால பாத்தீயளா?”

பாய் கேமராவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். ஒரேயொரு ‘ஆமா’ போதும். கடைத்தெரு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும்.

“பாரூக், லைன்ல இருக்கீயளா?”

போனை மெகராஜ் பேகத்தின் பக்கம் நீட்டினார்.