சுவரைத் தட்டிய டோரீன்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர் டோரீன் அக்கா. பிறந்ததும், புருசனைப் பறிகொடுத்ததும் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில், ஒரே அறையில்தான். அடுத்த வீட்டு றொசானாவுக்கும் அவருக்கும் நடுவே ஒற்றைச் சுவர். யாருக்கு என்ன ஆனாலும் அதைத் தட்டினால் போதும், மற்றவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார்.

போன வருடம் மண்சரிவுக்குப் பயந்து எங்கள் லயத்தைக் காலி செய்தார்கள். ஆளுக்கொரு தனி வீடு கிடைத்தது. நாங்கள் கேட்டு வாங்கிய வீடுதான், யாரை நோவது?

"இனி நம்ம சண்டை யாருக்கும் கேக்காது புள்ள," என்று றொசானாவிடம் சொல்லிச் சிரித்தார் டோரீன் அக்கா.

ஓர் அடைமழைக் காலையில், எல்லோரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக்கு அவர் வரவில்லை. றொசானா போய்க் கதவைத் தள்ளினாள். அக்கா சுவரோரம் செத்துக் கிடந்தார். கையில் நசுங்கிய டம்ளர். புதுச்சுவரில் பூச்சு உதிர்ந்து, உள்ளே கல் தெரிந்தது.

சாவுக்கு வந்த வீட்டுத்திட்ட அதிகாரி, "யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே," என்றார்.

"கூப்புட்டுத்தாங்க இருக்காங்க," என்று றொசானா அந்தச் சுவரைக் காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகள்தான் நனைந்துகொண்டு நின்றன.