சீன அறிஞர் வீட்டுக்குக் குழாய் போட்ட கதை

பள்ளிக் கண்காட்சிக்கு மாடல் செய்ய எனக்குக் கிடைத்தது சீனாவில் ஓர் அறிஞரின் வீடு. அவர் காலமாகிப் பல நூறு ஆண்டுகளாகியும் வீட்டையும் தோட்டத்தையும் நினைவிடமாகக் காத்து வருகிறார்களாம். அப்பா ஆபீஸில் அதன் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து வந்தார். அவ்வளவுதான், துபாய் அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட் ஹால் சீனாவாகிவிட்டது. தெர்மோகோலில் வீடு, தீக்குச்சியில் வளைந்து நெளியும் பாலம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் மரங்கள், பார்க்கிங்கிலிருந்து அள்ளிய மணல்.

ஒவ்வொரு மரத்தடிக்கும் கறுப்புக் குழாயும் வைத்தேன். துபாயில் பிறந்த எனக்குக் குழாய் இல்லாத மரத்தைத் தெரியாது. குழாய்த் துண்டுகளைக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. சாலையோர மரங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் வேலை. தொழிலாளர் கேம்பிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

மிஸ் பார்த்தார். படத்தில் குழாய் இல்லையே, பிடுங்காவிட்டால் இது கண்காட்சியில் இருக்காது என்றார். மரம் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன். மழையில், என்றார். வகுப்பே அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. மழை என்றால் எங்களுக்குப் பள்ளி விடுமுறை; அதை நம்பி யாராவது மரம் வைப்பார்களா?

குழாயைப் பிடுங்க மனமில்லை, மாடலை விடவும் மனமில்லை. அழுதுகொண்டே மாமாவிடம் சொன்னேன். மிஸ்ஸோடு சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், சிரித்தார்.

"எந்தத் தோட்டத்துலயாச்சும் பைப்ப வெளிய காட்டுவாங்களா பாப்பா? நாங்க போட்ட உடனே யல்லா யல்லா, சீக்கிரம்னு மண்ணப் போட்டு மூடச் சொல்லிருவான் சூப்பர்வைசர்."

இருவரும் மணலைத் தோண்டிக் குழாய்களைப் புதைத்தோம். ஒரு முனையை மட்டும் மேசைக்குப் பின்னால் வரும்படி விட்டு, அதில் மருந்து ஊற்றும் சிரிஞ்சைச் செருகினார் மாமா.

கண்காட்சியில் நான் சிரிஞ்சை அழுத்தினேன். மரத்தடிகளில் வட்ட வட்டமாக ஈரம் பூத்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. எப்படி என்று மிஸ் கேட்டார். மழை மிஸ், என்றேன்.

டூட்டி முடிந்து சீருடையோடு வந்த மாமா, புது கேமரா போனில் ஒரு படம் எடுத்தார். எட்டிப் பார்த்தேன். வீடு இல்லை, பாலம் இல்லை, நான்கூட இல்லை. மணலும் ஈர வட்டமும்தான்.

"என்ன மாமா, படத்துல வீடே விழலயே?"

"வீட்டத்தான் எல்லாரும் எடுக்கறாங்களே," என்றார்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, மாமா வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அத்தை ஈரத்தைத் தொட்டுக் காட்டி, "இதுக்குக் கீழதான் இருக்கு, இவுக வேல" என்றார். மாமாவுக்குப் படம் எடுக்கத் தெரியாததை அத்தை எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கிறார் என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.