பிராக்கெட் போடாத பரிபூரணம்

“என்ன வருசம் படிக்காரு?” என்று கேட்காமல் பரிபூரணம் எழுத்தைத் தொடமாட்டார். எதிரே நிற்பவர் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிவந்த தாளை நீட்டி, மருமகன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடச் சொல்லியிருப்பார். “டாக்டருக்குத்தாம்மா படிக்காரு” என்பார். “படிக்காருல்லா? அப்ப மருத்துவ மாணவர். பொறவு?” என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார் பரிபூரணம்.

ராஜபாளையத்தில் ராக்கப்பனின் அச்சகத்தில் பதினைந்து வருடமாக அச்சுக் கோர்க்கிறார். வயது முப்பத்து மூன்று. செட்டியார்பட்டியிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி எழுத்துப் பெட்டி முன்னால் நின்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் உட்காருவார். தலைக்கு மேல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மருத்துவ மாணவர், ஹவுஸ் சர்ஜன், எம்.பி.பி.எஸ்., அதற்கும் மேலே டி.சி.எச்., எம்.டி. என்று எது முன்னே எது பின்னே என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஐந்து வருடம் முன்பு, எண்பத்து நான்கில், மதுரையில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது தம்பி சமுத்திரம் எழுதிக் கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பத்திரிகையில் சொந்தக்காரர் பட்டியல் படிப்போடு வரவேண்டும். பையன் முதல் வருடம் சேர்ந்த அன்றே ஊர் அவனை டாக்டராக்கிவிடும். கொஞ்சம் கூச்சப்படுகிறவர்கள் எம்.டி.யை பிராக்கெட்டுக்குள் போடச் சொல்வார்கள். “பிராக்கெட்டுக்குள்ள போட்டா பாஸாயிட்டாருன்னு அர்த்தமா, அண்ணாச்சி?” என்பார் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் ஒரே மாப்பிள்ளைக்குத் தாளின் மேலே எம்.பி.பி.எஸ்., கீழே எம்.டி. “மேல ஒண்ணு கீழ ஒண்ணா? முகூர்த்தத்துக்குள்ள எழுதி முடிச்சிருவாரா?” என்று கேட்டுவிட்டார். பெண்ணின் தகப்பனார் கோபித்துக்கொண்டு போய், மாப்பிள்ளையிடமே விசாரித்துவிட்டு மறுநாள் சாதுவாகத் திரும்பி வந்தார். இரண்டு இடத்திலும் எம்.பி.பி.எஸ். ஆனது.

நானும் தப்பவில்லை. என் அக்கா மகன் பெயருக்கு ‘டாக்டர்’ கேட்டேன். “ஹவுஸ் சர்ஜன் முடிச்சு மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்சாச்சா?” என்றார். எனக்கு எங்கே தெரியும்! ஒரு வார்த்தைக்கு இத்தனை கெடுபிடியா என்று எரிச்சல் வந்தது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவருடைய கல்யாணப் பத்திரிகையே அச்சுக்கு வந்தது. மாப்பிள்ளை சேத்தூரில் வாத்தியார். பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. பத்திரிகையில் தம்பி பெயரில்தான் அழைக்க வேண்டும். தம்பி டாக்டராகட்டும் என்றே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வந்தவர் பரிபூரணம். அந்தத் தம்பி கடைசி வருடப் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறிவிட்டார். அதிலிருந்து இரண்டு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை, கடிதமும் இல்லை. கல்யாணத்துக்காவது வருவாரா என்பதே அக்காவுக்குத் தெரியவில்லை.

“டாக்டர்னே போட்டுருவம். ஆறு மாசத்துல ஆகத்தான போறாரு” என்றார் ராக்கப்பன். நல்ல மனதோடுதான் சொன்னார். பரிபூரணம் ‘மு. சமுத்திரம், மருத்துவ மாணவர், இறுதி ஆண்டு’ என்று கோர்த்து, புரூஃப் தாளைத் தபாலில் மதுரைக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் தம்பி அந்தத் தாளோடு நேரில் வந்து நின்றார். நான் எங்கள் சங்கத்து அறிக்கைக்காக அங்கே காத்திருந்தேன். ஆள் இளைத்து, தாடி வளர்ந்திருந்தது.

“எம்பேரை எடுத்துரு, அக்கா. மாமா பேரைப் போடு. நான் ஃபெயிலானத ஊருபூரா அச்சடிச்சுக் குடுக்கணுமா?”

“ஃபெயில்னு எங்கலே போட்டிருக்கேன்?”

“போன வருசமும் இறுதி ஆண்டுதான? பாக்கவனுக்குத் தெரியாதா?”

அக்கா கையிலிருந்த எழுத்தைக் கீழே வைத்தார். “தெரியட்டும். மாப்பிள்ளைய மணவறைக்குக் கைபிடிச்சுக் கூட்டியார எனக்குத் தம்பி வேணும்லே. டாக்டரா வந்து நில்லுன்னு யாரு கேட்டா? நீ வந்தாப் போதும்.” குரல் உடைந்துவிட்டது. அவர் கண்ணீரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சமுத்திரம் மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்தார். தன் பெயரை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அந்த வரியை அவர் தொடவில்லை. மேலே மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., பி.எட். இருந்தது, அக்காவின் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. அதன் பக்கத்தில் ‘அச்சுக்கோர்ப்பாளர்’ என்று எழுதி நீட்டினார்.

“இது எந்தக் காலேஜுலே?” என்றார் பரிபூரணம், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“பதினஞ்சு வருசம் ஆச்சுல்லா” என்றார் தம்பி.

பரிபூரணம் தாளைப் பெட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். தம்பியைப் பார்த்தபடியே எழுத்துப் பெட்டிக்குள் கைவிட்டு ‘அ’வை எடுத்தார்.