வெந்நீர் அக்கா கொடுத்த வாக்கு

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த அக்காவுக்கு 'வெந்நீர்' என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியவில்லை. தொழில் தையல். பள்ளிச் சீருடைகள் தைப்பார். பெயர் வந்தது இன்னொரு வேலையால். எங்கள் ஆட்களில் ஒரு பெண் இறந்துபோனால், உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, அடக்கத்துக்குத் தயார் செய்வது அவர்தான். அந்த நகரத்தில் நாங்கள் கொஞ்சம் பேர். பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு பள்ளிவாசல், ஊர் எல்லையில் ஒரு அடக்கத்தலம், அவ்வளவுதான். அந்த வேலைக்கு முன்வந்த பெண் அக்கா ஒருவர்தான். இறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வெந்நீர் போட்டாச்சா?"

இறந்தவரோடு பேசிக்கொண்டேதான் குளிப்பாட்டுவார். "கையத் தூக்குறேம்மா, கொஞ்சம் பொறுத்துக்க. இதோ முடிஞ்சிருச்சு." கூட நின்று தண்ணீர் ஊற்றும் பெண்களுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பயம் போய்விடும்.

நோயாளிகளைப் பார்க்க மட்டும் அவர் போவதில்லை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த ஒருத்தியைப் பார்க்கப் போனபோது அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அக்கா, நான் இன்னும் இருக்கேன். நீங்க அப்புறமா வாங்க" என்றாளாம். கட்டடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஊரடங்கு வந்தது. பள்ளிவாசல் கதவில் பூட்டுத் தொங்கியது. பிறகு அந்த உத்தரவு வந்தது. தொற்றில் இறந்தவர்களின் உடலை வீட்டாரிடம் தரமாட்டார்கள், குளிப்பாட்டக் கூடாது, பையில் கட்டி அவர்களே எரித்துவிடுவார்கள். எந்த மதமானாலும் இதுதான் சட்டம். மற்றவர்களுக்கு அது சாவு பற்றிய பயம். எங்களுக்குச் சாவுக்குப் பிறகும் ஒரு பயம். கூடவே, எங்கள் ஆட்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலில் நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பத்து வருடப் பழக்கம். தலையைக் கூடத் திருப்பவில்லை.

அதனால் கட்டடத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. அதாவது, யாரும் சொல்லவில்லை. இருமல் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். எந்த வீட்டில் சத்தம் கூடுகிறதோ அந்த வீட்டை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் இரண்டாம் மாடியில், அக்காவின் தங்கச்சி வீட்டில் டிவி அலறியது. தங்கச்சிக்கு டிவி என்றாலே ஆகாது. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். அக்காவின் எதிர் வீட்டுக்காரி என்பதால் நானும் பின்னாலேயே இறங்கிப் படியோரம் நின்றேன்.

தங்கச்சியின் கணவர் பேக்கரி வேன் ஓட்டுபவர். வேன்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தார்.

"அவ தூங்குறா, அக்கா."

"இந்தச் சத்தத்துலயா?"

அக்கா கதவை விரியத் தள்ளிக்கொண்டு போனார். ஜன்னலோரம் இரண்டு தலையணையில் சாய்ந்து தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அக்கா அவள் கையை எடுத்துப் பார்த்தார். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அந்த நிறம் அவருக்குத் தெரியும். ஆனால் அதுவரை அவர் அதைப் பார்த்ததெல்லாம் உயிர் போனவர்களின் கையில்தான்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றார்.

"வேண்டாம்" என்றார் வேன்காரர். "மேலத்தெரு வாத்தியார் தானே நடந்து போய்த்தான் வண்டியில ஏறினாரு. முகத்தைக் கூடக் காட்டலை. சாம்பலைத்தான் காட்டினாங்க. இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"எதை வச்சுப் பாத்துக்குவே? ரொட்டியை வச்சா?"

தங்கச்சி அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா... என்னை எரிச்சிடுவாங்க. நீதான்... குளிப்பாட்டணும். சொல்லு."

"குளிப்பாட்டுறேன். இன்னும் முப்பது வருஷம் போகட்டும். அப்ப எனக்குக் கை நடுங்குச்சுன்னா வேற ஆளப் பாத்துக்க."

"வாக்குக் குடு."

அக்கா கொடுத்தார். கொடுக்கும்போதே அது தன் கையில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு வெளியே வந்து, படியில் நின்றபடி, தானே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்த இரண்டு பேர் வந்தார்கள். எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. கைகளில் போன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, இவங்கதான்னு" என்று ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகும்போது தங்கச்சி அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேன்காரர்தான் பார்த்தார்.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எரிச்சது அவங்க இல்லை, அக்கா. நீங்கதான்."

அன்று மாலையே தெருவாசலில் தகரம் அடித்து, ஒரு காவலரை உட்கார வைத்தார்கள். கட்டடம் முழுவதும் உள்ளே. பூட்டுக்குக் காரணம் அக்கா என்று படிக்கட்டில் முணுமுணுத்தார்கள். அவர் இறங்கினால் பேச்சு நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி என்றால் ஒரு நர்ஸின் குரல் மட்டும்தான். "அப்படியேதாம்மா இருக்காங்க. கூடவும் இல்லை, குறையவும் இல்லை." அடுத்த நாளும் அதே வார்த்தைகள். ஒருநாள் யாரும் எடுக்கவில்லை. அக்கா போனை மெஷின் மேல் வைத்துவிட்டு முகக்கவசம் தைப்பதும், எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். நூல் அறுந்தது கூடத் தெரியாமல் வெறும் ஊசி துணியைக் குத்திக்கொண்டே போவதை நான் பார்த்தேன். அந்த நாட்களில் அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்க முடியவில்லை என்றார்.

நர்ஸ் போனை எடுக்காத நாளுக்கு மறுநாள் காலையில், முதல் மாடியிலிருந்து மருமகள் ஒருத்தி ஓடிவந்தாள். அந்த வீட்டு மாமியாரைக் கண்ணாடிப் பெரியம்மா என்போம். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். அங்கேயும் சில நாட்களாக டிவி சத்தம் அதிகம்தான்.

"மாமி போயிட்டாங்க" என்றாள். "அதிகாரிங்களுக்கு இன்னும் சொல்லலை. சொன்னா அப்படியே பையில போட்டுடுவாங்க. அதுக்குள்ள நீங்க வந்து..."

அக்கா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். தொட்டால் நோய் வரலாம். வெளியே தெரிந்தால் வழக்கு. கட்டடத்துக்கு இன்னும் பெரிய பூட்டு. குளிப்பாட்டினாலும் கடைசியில் எரிக்கத்தான் போகிறார்கள். இத்தனையும் அவர் முகத்தில் ஓடியது. நான், "அக்கா, யோசிச்சுக்கங்க" என்றேன்.

"யோசிச்சா போக மாட்டேன்" என்றார்.

தான் தைத்த முகக்கவசங்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டார். கையில் உறை. வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். மருமகளைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார். வெந்நீர் போட்டாச்சா என்று கேட்கவில்லை, மருமகள் முன்பே போட்டிருந்தாள். பேசுவார் என்று படியில் நின்ற நாங்கள் காத்திருந்தோம். அன்று ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

கஃபன் சுற்றி, மகன்கள் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையை அடக்கிய குரலில் முடித்த பிறகுதான் அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். அவர்கள் வந்தார்கள். வெள்ளைத் துணியைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் எதையோ கேட்க வாயெடுத்து, மருமகளின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். துணியோடு பையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். எரிக்கத்தான் எரித்தார்கள்.

அக்கா மேலே வந்து தன்னைத் தானே உள்ளே பூட்டிக்கொண்டார். யாரும் கிட்டே வரக் கூடாது என்றார். அவருக்கு நோய் தொற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரியாது. ஒவ்வொரு செருமலுக்கும் நான் என் வீட்டுக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் நர்ஸ் கூப்பிட்டார். "ஆக்ஸிஜனை எடுத்துட்டோம். நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்மா." அக்கா அதைக் கதவுக்குப் பின்னால் இருந்து எனக்குச் சொன்னார். பிறகு உள்ளே விளக்கை அணைத்தார். அழுதாரா தூங்கினாரா தெரியாது.

தங்கச்சி வந்தாள். பாதி ஆளாகிப் போயிருந்தாள். படியில் பிடித்துப் பிடித்து ஏறி, தன் வீட்டைத் தாண்டி, நேராக மூன்றாம் மாடிக்கு வந்தாள். வேன்காரர் பின்னாலேயே வந்து படியில் நின்றுவிட்டார். அவர் அக்காவிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் அக்கா அடைபட்ட நாளிலிருந்து கதவருகே ரொட்டிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவது அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

"கதவைத் திற" என்றாள் தங்கச்சி.

"திறக்க முடியாது. கண்ணாடிப் பெரியம்மாவத் தொட்டிருக்கேன். பயமா இருக்கு."

"கேள்விப்பட்டேன்." மூச்சு வாங்கினாள். "அவங்களைச் சட்டத்தை மீறிக் குளிப்பாட்டினே. என்னை மட்டும் அந்தப் பைக்கு அனுப்பிவச்சே. பக்கத்துக் கட்டில்ல இருந்தவளை என் கண் முன்னாடியே பையில கட்டினாங்க தெரியுமா. அடுத்தது நான்தான்னு ராவும் பகலும் படுத்திருந்தேன். வாக்குக் குடுத்தேல்ல?"

கதவுக்குப் பின்னால் அக்கா நெருங்கி வருவது கேட்டது.

"அவங்க செத்துட்டாங்க" என்றார் அக்கா. "நீ சாகலை. செத்தவங்களுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். உனக்கு என்ன செய்யணும்னு தெரியலை. தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பினேன்."

"நான் செத்திருந்தா?"

"தெரியாது. எரிச்சிருப்பாங்க. நான் உயிரோட இருந்திருப்பேனான்னு தெரியாது."

தங்கச்சி எதையோ சொல்லத் தொடங்கி இருமினாள். படியில் வேன்காரர் ஒரு படி ஏறினார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"எனக்கு இன்னும் நிறைய இருக்கு சொல்ல" என்றாள் கதவைப் பார்த்து. "தண்ணி குடிச்சிட்டு வந்து சண்டை போடுறேன்."

"மெதுவா இறங்கு" என்றது உள்ளிருந்த குரல்.

இறங்கிப் போனாள். வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். சற்றுப் பொறுத்து வேன்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் கதவுக்கு எதிரே, சுவரை ஒட்டித் தள்ளிப் போட்டார். பின்னாலேயே தங்கச்சி ஏறி வந்தாள்.