சம்பந்தி வீட்டில் எலுமிச்சந்தழை

கம்பி வேலி கட்டுவது என் தொழில். ஒருநாள் காலையில், நட்ட கல்லுக்கால் நேராக நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கால் நேராகத்தான் நின்றது. நிலம்தான் புரண்டது. அதிலிருந்து படுக்கையில் இடப்பக்கம் திரும்பினால் வீடு சுற்றும், வயிறு வாய்க்கு வரும். தருமபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு, காதுக்குள் ஏதோ கோளாறு, பயப்பட வேண்டாம் என்று மாத்திரை கொடுத்தார். போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். அதனால் என் மனைவி காலையில் இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்து, தெளிந்த நீரை மட்டும் தேனில் கலந்து கொடுப்பாள். வெளியூர் போனால் எலுமிச்சந்தழை பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். கசக்கி மோந்தால், ஒன்றிரண்டை மென்றால், குமட்டல் அடங்கும். சுற்றல் நிற்காது. சுற்றலோடு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டி வந்தது. ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிற பையன். அவளாகப் பார்த்துப் பிடித்துப்போய், எங்களிடம் சொல்லி, நாங்களும் விசாரித்து, எல்லாம் கூடி வந்திருந்தது. பையனுக்கு அப்பா இல்லை. குடித்தே செத்துப்போனார். பையனின் அம்மா எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் சொல்லி அனுப்பியிருந்தார்: குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம். எனக்கு அதில் பயமே இல்லை. நான் கள்ளைக்கூடத் தொட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனவர்கள், பிடித்திருந்தால் அங்கே சாப்பிட வேண்டும். கை நனைப்பது என்று சொல்வோம். பெண்ணின் அப்பா இலையில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிவாகிவிட்டது. அவர் சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. சபையில் பேச்சு வராத எனக்கு இந்த வழக்கம் எவ்வளவு வசதி என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது மகள் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அங்க போயி ஊமையாட்டம் உக்காந்துக்காதீங்க. நாலு வார்த்தை பேசுங்க."

"உங்கொப்பன் எங்க பேசறது? அதுக்குத்தான நான் போறேன்" என்றான் என் மைத்துனன். மனைவியின் தம்பி அவன். வேன் காரிமங்கலம் தாண்டியதும் என் காதில் குனிந்தான். "மாமா, கிறுகிறுப்பு அது இதுன்னு அங்க வாயத் தொறந்துடாதீங்க. பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. வலிப்புன்னு கதை கட்டிருவானுங்க."

நான் தலையாட்டினேன். தலையாட்டியதே தப்பு. தொப்பூர் கணவாயில் வேன் லாரிகளை ஒதுக்கி ஒதுக்கி வளைந்து இறங்கியபோது எனக்குள்ளும் எல்லாம் வளைந்தது. பையிலிருந்த தழை முழுவதையும் மென்றுவிட்டேன். என் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியதும் தரை சாய்ந்தது. கேட் கம்பியைப் பிடிக்கப் போனேன், அது அங்கே இல்லை. பையனின் தாய்மாமன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். முகத்துக்கு முகம் நின்றோம். "வாங்க வாங்க" என்றவர் பாதியில் நிறுத்தினார். மூக்கு ஒருமுறை சுருங்கியது.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் கோட்டர் போட்டவன் வீட்டுக்குப் போகும் முன்னால் வாசம் தெரியாமலிருக்க மெல்லுவது கொய்யா இலை, இல்லாவிட்டால் எலுமிச்சந்தழை. காலை பதினோரு மணிக்குத் தள்ளாடிக்கொண்டு, வாய் நிறைய எலுமிச்சந்தழை வாசத்தோடு ஒரு மனிதன் வந்து இறங்கினால் யார் என்ன நினைப்பார்கள்? நானே அப்படித்தான் நினைப்பேன்.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாமன் சமையலறை வாசலில் தன் தங்கையிடம் குசுகுசு என்று பேசுவது தெரிந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. குடிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? யாரும் கேட்கவில்லையே. கேட்காததற்குப் பதில் சொன்னால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. தலைசுற்றல் என்று சொல்லவும் கூடாது. மைத்துனன் பஞ்சாயத்து ரோட்டைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் விடாமல் பேசினான். நான் அசையாமல், கண்ணைச் சுவரிலிருந்த காலண்டரின் ஒரே எழுத்தில் குத்தி வைத்திருந்தேன். அது குடிகாரன் பார்வை போலத்தான் இருந்திருக்கும்.

வீடு பார்த்தாயிற்று, பேசியாயிற்று. இலை போட்டார்கள். கேசரி, வடை, சாம்பார். நெய் வாசம் மூக்கில் ஏறியதும் வயிறு மேலே எழும்பியது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கை வைக்காமல் வேறு யாரும் சாப்பிட முடியாது.

"கை நனைங்க" என்றார் ஒரு பெரியவர்.

கையை நீட்டினேன். இலை இரண்டாகத் தெரிந்தது. வாயில் வைத்தால் அந்த இலையிலேயே வாந்தி எடுத்துவிடுவேன். வைக்காவிட்டால் மகளுக்குச் சம்பந்தம் இல்லை. கை பாதியில் நின்றது.

"என்னங்க, நேத்து ராத்திரி கொஞ்சம் பலமோ?" என்றார் மாமன். இரண்டு பேர் சிரித்தார்கள். என் மனைவியின் முகம் கறுத்தது.

அந்த அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே என் இலைக்கு எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஊதுங்க."

"என்னம்மா இது, போலீஸ்காரனாட்டம்!" என்று மைத்துனன் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க தம்பி. அண்ணா, ஊதுங்க."

பந்தி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அறிமுகமில்லாத பெண்ணின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததுகூடக் கிடையாது. எழுந்து ஓடலாம் என்றால் கால் நிற்காது. வாயைத் திறந்து ஊதினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "வெறுந்தழை. கூட இஞ்சி. எனக்குத் தெரியாத வாசமா? அப்புறம் என்ன உங்களுக்கு?"

மைத்துனன் தொண்டையைக் கனைத்தான். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"தலை சுத்துதுங்க. திரும்பினா சுத்தும். காதுல கோளாறுன்னு டாக்டர் சொன்னாரு. கொமட்டலுக்குத்தான் தழை."

"வலிப்பா?" என்றார் மாமன்.

"இல்லைங்க."

"பொண்ணுக்கு?"

"அவளுக்கு ஒன்னுமில்லீங்க."

அந்த அம்மா என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மகள் எங்கள் வீட்டில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"தலை சுத்தற மனுசனுக்கு வடையும் கேசரியும் போட்டா எப்படி?" என்றார் அண்ணனிடம். பிறகு என்னிடம், "அண்ணா, கைய நனைச்சு ரெண்டு கல்லு உப்ப நாக்குல வெச்சுக்கங்க. உப்பும் சோறுதான். எங்களுக்கு அது போதும்."

தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்தேன். இலை ஓரத்து உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். "அப்பாடா, வடை ஆறிப்போவுது" என்றான் மைத்துனன். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்திருக்கப் பார்த்துச் சுவரில் சாய்ந்தேன். என்னைப் பிடித்துக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் கட்டிலில் படுக்க வைத்தார்கள். இந்தக் கோலத்தில் உடனே வேனில் ஏற்ற முடியாது, பொழுது சாயட்டும் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. சாப்பிட்ட கையோடு ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மல்லிக் கசாயம் என்றார், ஒருவர் சீரகத் தண்ணீர் என்றார், ஒரு கிழவி நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டே விட்டாள். மாமன் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் கொழுந்தியாளுக்கு இதே வியாதி வந்து என்ன ஆயிற்று என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

நடுவில் மனைவி ஃபோனை என் காதில் வைத்தாள். மகள்.

"அப்பா, கை நனைச்சீங்களா?"

அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ம்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சம்பந்திக்கு வேர்க்குது பாருங்க" என்று சொல்லி மாமன் எழுந்துபோய், என் தலைக்கு நேர் மேலே இருந்த ஃபேனை வேகமாக வைத்தார். அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.