எந்த ஆர்பிஜி நல்லா இருக்கும், அக்கா?

கையடக்க கேம் மெஷினுக்கு ஆர்பிஜி விற்பது சம்பந்தம் பேசுகிற மாதிரியான தொழில். வந்து நிற்பவரின் குணமும் பொறுமையும் தெரியாமல் எதையும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. நாமே ஒரு கதாபாத்திரமாகி, ஊர் ஊராகத் திரிந்து, சண்டை போட்டு, பலம் சேர்த்து, நீளமான ஒரு கதையை முடிக்கிற விளையாட்டுக்குத்தான் ஆர்பிஜி என்று பெயர். ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடியின் மாடியில் என் கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்குத் தெரியும், "எது நல்லா இருக்கும்?" என்ற கேள்வி எப்படி ஆளைக் கொல்லும் என்று. ஆனால் அதைக் கேட்டு வந்தவர்களில் சிலர் எனக்கே பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடிக்காமல் ஜெயித்தவர்

கோமதி அக்கா பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். "எந்த இடத்துல நிறுத்தினாலும் சேவ் ஆகணும். ஃபேக்டரி பஸ் யாருக்காகவும் நிக்காது லா" என்றார். அப்படி ஒன்றைக் கொடுத்தேன். அதன் கடைசி அரக்கனிடம் தோற்றுப்போய் என்னிடம் வந்து புலம்பாத ஆளில்லை. அக்காவோ வாள்வீரனை விட்டுவிட்டு, மருந்து போடுகிற பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார். அடிப்பவனுக்கே கொஞ்சம் அடி திரும்புகிற கேடயத்தை அவளுக்கு மாட்டிவிட்டு, அரக்கன் அடிக்க அடிக்க இவர் மருந்து மட்டும் போட்டிருக்கிறார். கடைசியில் அவன் தானாகவே சரிந்து விழுந்தானாம். "சலிக்கலையா அக்கா?" என்று கேட்டேன்.

"ஓவர்டைம் பார்க்கறவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிசா, தங்கச்சி?"

நடக்கிற கேம்

புக்கிட் தெங்காவிலிருந்து ஒரு பெண் வந்தார். மோட்டார்சைக்கிள் விபத்தில் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாராம். "நடக்கற கேம் இருக்கா? ரொம்ப தூரம் நடக்கணும்" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. "மனசு கஷ்டப்படமாட்டாரா அக்கா?" என்றேன். "அவரேதான் கேட்டாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் சாமான் இதுதான்."

மலை, பனி, பாலைவனம் என்று விரிகிற கேம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஆரம்பத்திலேயே ஒரு குதிரை கிடைக்கும், விசிலடித்தால் ஓடி வரும், சிரமமிருக்காது என்று ஆறுதலாகச் சொல்லி அனுப்பினேன். பிறகொரு நாள், செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க அவரை அழைத்துப் போகிற வழியில் சார்ஜர் வாங்க வந்தார். குதிரை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"அது இன்னும் லாயத்துலயே நிக்குது. எல்லா இடத்துக்கும் அவர் நடந்தேதான் போறாரு."

ஆற்றங்கரை

தேவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நம் முறை முடியும்வரை எதிரி காத்திருக்கிற ஆர்பிஜிதான் அவர் ஆடுவது. ஒவ்வொரு பட்டனும் எழுப்புகிற சத்தத்தை மனப்பாடம் செய்துகொள்வார். கடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதல் கேமைச் சீக்கிரமே கீழே வைத்துவிட்டார். இரண்டாவதைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. என்னோடு வேலை செய்யும் லீனா, தானும் கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தாள். முதல் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். முதல் கேமில் என்ன குறை என்று தேவனைக் கேட்டேன்.

"நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆத்துச் சத்தம் ஒரே மாதிரி கேக்குதுக்கா. செஞ்சவங்க கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டே செஞ்சிருக்காங்க."

தாண்டிப் போன அம்மா

பாயான் பாருவிலிருந்து வந்த அந்த அம்மாவின் மகள், அப்பா இறந்த பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரே கேமை ஆடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. "அந்த கேமையே எனக்கும் கொடும்மா. அவ எதுக்கு அழறாள்னு தெரியணும்." அதுவரை மெஷினைத் தொட்டதே இல்லை, தம்பி மகனிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டிக் கொடுத்தேன்.

ஒரு பாலத்தைத் தாண்ட முடியவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தார். எனக்கே சொல்லத் தெரியும். ஆனால் "மகளைக் கேளுங்கம்மா" என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டார். கதவைத் தட்டப் பயம். அதன் பிறகு ஆளையே காணோம். தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வெகுநாள் கழித்து வந்தார். பாலத்துக்காகக் கதவு திறந்ததாம். இப்போது ஒரே கட்டிலில் ஆளுக்கொரு மெஷினோடு உட்காருகிறார்களாம். மகளுக்குப் பரீட்சை வந்ததும் அம்மா முந்திவிட்டார். அதிலும் ஒரு கவலை.

"நான் அவளைத் தாண்டிப் போயிட்டேன்மா. கேம்ல கூடவே வர்ற வைத்தியர் செத்துருவாருன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லாம அவளுக்குச் சோறு போடறதுதான் இப்ப பெரிய கஷ்டம்."

உலகத்தைக் காப்பாற்றும் வீரர்களின் படத்தைப் பெட்டிமேல் அச்சடித்து அனுப்புகிற கம்பெனிக்காரர்கள், அதை வாங்கிக்கொண்டு போகிற ஆட்களை ஒருமுறையாவது வந்து பார்த்திருந்தால் படத்தை மாற்றியிருப்பார்கள்.